தனிக்கொட்டு

சனிக்கிழமை காலையில் செர்வாந்தோ எப்போதும்போல உயிரோடுதான் எழுந்தார். அவர் செத்துப்போன சேதி முந்தின நாள் சாயங்காலமே பெனாவல் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பல் விளக்கிவிட்டு ரொட்டி எடுக்க வாசல் கேட்டுக்குப் போனார். ரொட்டி வண்டிக்காரி தினமும் கேட்டில் தொங்குகிற துணிப்பையில் ஒரு நீட்டு ரொட்டியைச் செருகிவிட்டு, ஊரை எழுப்புகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போவாள். இன்றைக்கு ஹாரனே கேட்கவில்லை. பையில் நாலு ரொட்டி இருந்தது. மதில்மேல் துணி மூடிய எம்பனாதா ஒன்று, உள்ளே மீன் வைத்துச் சுட்டது, இன்னும் சூடு ஆறவில்லை. பக்கத்தில் ஒரு முழு சீஸ். அதற்கும் பக்கத்தில், மேலே சர்க்கரையைக் கருக்கிவிட்ட பால்சோற்றுப் பாயசம், ஒரு பானை நிறைய.

செர்வாந்தோவுக்கு நெஞ்சு விம்மியது. என்ன இருந்தாலும் ஊர் கலைஞனைக் கைவிடாது என்று நினைத்துக்கொண்டு, விரலைவிட்டுப் பாயசத்தை வழித்தார்.

அன்றைக்கு அவருக்கு ஒரு விசேஷம் இருந்தது உண்மைதான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோவில் முன்மண்டபத்தில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளியாகிறது. குழுவின் பெயர் ஏழு மாடுகள். குழுவில் இருப்பதோ மூன்றே பேர். மகள் தெல்வா பாடுவாள்; வாரத்தில் ஆறு நாள் மீன் வண்டி ஓட்டுகிறவள், ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வண்டியை நிறுத்திவைத்துப் பாட்டெழுதியவள். மருமகன் கீக்கோ எலெக்ட்ரிக் கிதார். செர்வாந்தோ கைத்தா. தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி, ஊதி நிரப்பி, அமுக்கி வாசிக்கிற அந்தக் குழல் இல்லாமல் எங்கள் பக்கத்தில் சாமி வெளியே வராது, பிணமும் வெளியே போகாது.

மூன்று பேரும் சேர்ந்து கெல்ட்டிக் ராக் என்று ஒன்று வாசித்தார்கள். கெல்ட்டுகள் என்று ஒரு பழங்கால ஜாதி. நாமெல்லாம் அவர்கள் வம்சம் என்பது கீக்கோவின் கட்சி. எங்க தாத்தா லெயோன்லேர்ந்து கழுதை விக்க வந்தவர், அவருக்கு எந்தக் கெல்ட்டையும் தெரியாது என்பார் செர்வாந்தோ. கள்ளுக்கடையில் வேறு சண்டை. கைத்தாவுக்கு நம்ம மலைப் பேச்சில் பாடினால் ஆகாதா, மாட்ரிட்காரன் பேசுகிற ஸ்பானிஷில் எதற்குப் பாட்டு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தெல்வா மசியவில்லை. மீன் பேரம் பேசுறது ஸ்பானிஷ்ல, கடன்காரன் திட்டுறது ஸ்பானிஷ்ல, என் துக்கம் மட்டும் வேற பாஷையில வருமா என்று திருப்பிக் கேட்டாள். பதினொரு பாட்டும் ஸ்பானிஷ்தான். கீக்கோவின் மாட்டுத் தொழுவத்தில் வைக்கோல் அடைத்துப் பதிவு செய்தார்கள். மூன்றாவது பாட்டில் ஒரு மாடு கத்துவது கேட்கும். அது நன்றாக அமைந்துவிட்டதால் எடுக்கவில்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். கொட்டு அடிக்க ஆள் இல்லை. தட்டில் கேட்பது ஒரு மெஷின் அடிக்கிற கொட்டு. நேரம் தவறாது, மூச்சு வாங்காது, முறைக்காது. அதை செர்வாந்தோவுக்கு அடியோடு பிடிக்கவில்லை. கைத்தாவுக்கு ஒரு கொட்டு உண்டு என்றால் அது அண்ணன் பெலார்மினோவின் கொட்டு. அந்த அண்ணன் அவரோடு பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

பாயசத்தில் பாதியை முடித்துவிட்டு, புகை பிடிக்கலாம் என்று பஸ் ஸ்டாப்புக்கு இறங்கினார். கல் கூரை போட்ட அந்த நிழற்குடைச் சுவரில்தான் எங்கள் ஊர் சாவு நோட்டீசெல்லாம் ஒட்டுவார்கள். கருப்புக் கட்டம், சிலுவை, படம், பெயர், எத்தனை மணிக்கு அடக்கம். அங்கே தன்னுடைய படத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டு, கண்ணைக் கொஞ்சம் மேலே தூக்கி, பரலோகத்தைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார். சுற்றிக் கருப்புக் கட்டம். தலைக்கு மேலே வட்டம் போட்ட கெல்ட்டிக் சிலுவை. கீழே 'செர்வாந்தோ' என்று கொட்டை எழுத்தில். அதற்கும் கீழே 'ஏழு மாடுகள்'. சனிக்கிழமை, மாலை ஐந்து மணி, பெனாவல் கோவில்.

இசைத்தட்டின் அட்டைப் படமேதான். கருப்புக் கட்டம் போட்டாத்தான் கெல்ட்டிக்கா இருக்கும் மாமா என்று கீக்கோ சொன்னது ஞாபகம் வந்தது. கலர் அடித்தால் செலவு என்று சாவு நோட்டீஸ் அளவுத் தாளிலேயே அச்சடித்திருக்கிறான். அச்சகத்திலிருந்து நோட்டீஸ் கட்டுகளை வாங்கி ஒட்டுகிறவன் அமாப்ளே. அவன் வாழ்நாளில் எதையும் படித்து ஒட்டியதில்லை. அளவைப் பார்த்தான், ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டிவிட்டான். பஸ் ஸ்டாப், கள்ளுக்கடைக் கதவு, பால் சொசைட்டி, கல்லறை வாசல். ஊரும் லேசுப்பட்டதல்ல. எங்களில் யாரும் சாவு நோட்டீசைப் படிப்பதில்லை, பார்ப்பதோடு சரி. படம் யாருது, எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். மீதி வரிகள் உறவுக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்வதற்காக இருப்பவை.

செர்வாந்தோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. கீக்கோவின் கிதாரை அவன் தலையிலேயே உடைப்பது என்று முடிவுசெய்து திரும்பும்போது பேச்சுக்குரல் கேட்டது. கருப்புச் சட்டையில் ஒலீவாவும் நியேவெஸும் பஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒரே தெருக்காரிகள், ஒரே நாக்கு. இந்த நேரத்தில் செத்தவன் எதிரில் நின்றால் இரண்டு பேரில் ஒருத்தி விழுவாள் என்று பயந்து, நிழற்குடையின் பின்னால் முட்செடிக்குள் ஒதுங்கினார்.

"ஏழு மாடு விட்டுட்டுப் போயிருக்காராம்டி" என்றாள் ஒலீவா.

"எங்கேர்ந்து ஏழு? இருந்த ஒத்த மாட்டையும் போன வருஷம் வித்தாச்சே."

"அதான் கமுக்கமா இருந்திருக்கார். நேத்து எங்க வீட்டுக்காரர் டவுன் சவ மண்டபத்துக்கே போயிட்டு வந்தார். அப்படி யாரும் வரலைன்னுட்டானாம்."

"வீட்டுலயே வெச்சிருப்பாங்க. பாவம், நல்லா வாசிப்பார்."

"வாசிச்சார். இப்ப கொஞ்ச வருஷமா சுருதி சேரல."

"செத்தவரைப் போய் அப்படிச் சொல்லாத."

"செத்தவராச்சேன்னுதான் மெதுவாச் சொல்றேன்."

முட்செடிக்குள் செர்வாந்தோ பல்லைக் கடித்தார். சுருதியா சேரவில்லை? வெளியே வந்து ஒரு பிடி பிடிக்கலாம் என்று காலை எடுத்து வைத்தார். அப்போதுதான் நியேவெஸ் அதைச் சொன்னாள்.

"பெலார்மினோ கொட்டைப் பரண்லேர்ந்து இறக்கிட்டாராம். காலையிலேர்ந்து தோலுக்கு எண்ணெய் போட்டுட்டு இருக்கார்னு மருமக சொன்னா. ஒரு வார்த்தை பேசலையாம்."

எடுத்த காலை செர்வாந்தோ அப்படியே பின்னால் வைத்தார். முள் குத்தியது, உறைக்கவில்லை. பஸ் வந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போகிற வரைக்கும் அவர் மூச்சு விடவில்லை.

அண்ணன் தம்பி கதை ஊரறிந்தது. வாலிபத்தில் ஒரு கிழட்டுக் கைத்தாக்காரனின் சாவுக்கு மழையில் வாசிக்கப் போனவர்கள், திரும்பி வரும் வழியில் ஒரு சத்தியம் செய்துகொண்டார்கள். இரண்டு பேரில் யார் முந்துகிறானோ, அவன் சவப்பெட்டிமுன்னால் மற்றவன் நின்று சான் ரோக்கே பவனி மெட்டை வாசிக்க வேண்டும். என்ன சண்டை வந்தாலும் இது மாறக்கூடாது.

சண்டையும் வந்தது. அதுவும் அந்தப் பவனியிலேயே வந்தது. சான் ரோக்கே திருவிழாவில் சாமிக்கு முன்னால் செர்வாந்தோ கைத்தா ஊத, கூடவே பெலார்மினோ கொட்டிக்கொண்டு போவார். பாதி வழியில் துணி துவைக்கிற தொட்டியடியில் விதவை ரமோனா ஆப்பிள் கள்ளோடு நின்றாள். தலைக்கு மேலே கை உயர்த்தி, இடுப்புக்குக் கீழே பிடித்த கிளாசில் ஊற்றி, நுரையோடு நீட்டினாள். ஊற்றின கள் நிற்காது. நுரை அடங்குவதற்குள் ஒரே மடக்கில் குடிக்க வேண்டும்; ஆற விட்டால் அதைத் தரையில்தான் கொட்டலாம், குடித்தால் சிரிப்பார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் இது பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை. செர்வாந்தோ குழலை வாயிலிருந்து எடுத்துக் குடித்தார். ரமோனா சிரித்தாள். இரண்டாவது ஊற்றினாள். அதுவும் நிற்காதே.

பெலார்மினோ நேர்பார்வைக்காரர். கொட்டினால் திரும்பிப் பார்க்கமாட்டார். பின்னால் சான் ரோக்கே, அவருக்குப் பின்னால் ஊர், முன்னால் ஒற்றைக் கொட்டு. தொட்டியடியிலிருந்து சிற்றாலயம் வரைக்கும் தனியாகக் கொட்டிக்கொண்டு போனார். சந்தைக்குக் கரடி கூட்டிவருகிறவன்தான் அப்படிக் கொட்டுவான். சாமி தூக்கியவர்களே தோள் குலுங்கச் சிரித்தார்கள். அன்றைக்கு விழுந்தது பட்டப்பேர், தனிக்கொட்டு. பிள்ளை தனிக்கொட்டு மகன், பேத்தி பள்ளிக்கூடத்தில் தனிக்கொட்டுப் பேத்தி. பெலார்மினோ கொட்டைப் பரணில் ஏற்றினார். தம்பி பக்கம் தலை திருப்பவில்லை. செர்வாந்தோ மன்னிப்பும் கேட்கவில்லை. ஊத்தின கள்ளு காத்திருக்குமா என்று ஊர் பூராவும் நியாயம் பேசினார், அண்ணனிடம் மட்டும் பேசவில்லை. ராத்திரியில் படுத்தால் அந்த ஒற்றைக் கொட்டுதான் காதில் கேட்கும். அதை யாரிடம் சொல்வது?

இப்போது அண்ணன் வரப்போகிறார். உயிரோடிருக்கும் தம்பியைப் பார்க்க வராதவர், செத்த தம்பிக்குக் கொட்டு எடுத்துக்கொண்டு வருகிறார். செர்வாந்தோ முட்செடியிலேயே யோசித்து முடித்தார். ஐந்து மணி வரைக்கும் செத்தே இருப்பது.

வாய்க்கால் வழியாகக் குனிந்து வீட்டுக்கு வந்து, நாலு கல் கால்களில் நிற்கிற தானியக் களஞ்சியத்துக்குள் ஏறிக்கொண்டார், பாயசப் பானையோடு. பாட்டு எடுக்கிறவன் கச்சேரிக்கு முன்னால் யார் கண்ணிலும் படக்கூடாது, குரல் கெடும் என்று கீழே பார்த்துச் சொன்னார். கைத்தாவுக்கு எதுக்கு மாமா குரல் என்று கீக்கோ கேட்டான். அவனுக்கு வேலை கிடந்ததால் பதிலுக்கு நிற்கவில்லை.

கீழே தெல்வாவின் போன் ஓயவில்லை. மூன்று வருஷ உழைப்பு. யாருமே வரமாட்டார்களோ என்று ஒரு வாரமாகத் தூங்காதவள். பலகை இடுக்கு வழியாக செர்வாந்தோ பார்த்தார். ஒவ்வொரு போனுக்கும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. ஆமா, அஞ்சு மணிதான், கண்டிப்பா வாங்க. இல்ல, பதட்டமெல்லாம் இல்ல, ஒருநாள் நடக்க வேண்டியதுதானே. அப்பாவா? நல்லா ரெடியா இருக்கார், புதுக் கோட்டு போட்டுவிட்டாச்சு. எதிர்ப்பக்கம் விசும்பும் சத்தம் வந்திருக்க வேண்டும். கலைமேல இவ்வளவு பாசமா என்று அவள் கீக்கோவிடம் கண் கலங்கினாள். களஞ்சியத்துக்குள் செர்வாந்தோவுக்குப் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை. இருந்தாலும் முடித்துவிட்டார்.

நாலரைக்கு வண்டியில் ஏறி, பின்னால் ஸ்பீக்கர்களுக்கு நடுவே போர்வையைத் தலையோடு இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார். கோவில் வந்ததும் வண்டி நின்றது. வெளியே அலை அடிப்பதுபோல மெதுவான பேச்சுச் சத்தம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் ஒரு வருஷம் பேசுவார்கள். சாவுக்குப் போகாவிட்டால் பேரன் காலம் வரைக்கும் பேசுவார்கள். பெனாவல் மட்டுமல்ல, பள்ளத்தாக்கே வந்திருந்தது, கருப்புடுத்தி, குடை பிடித்து. தெல்வா இறங்கினாள். ஒருவர் மாற்றி ஒருவர் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். நாலாவது ஆள் கட்டிப்பிடித்தபோது அவளுக்கு விளங்கியது. திரும்பி வந்து வண்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தி, போர்வையை விலக்கினாள்.

"அப்பா. நீங்க செத்துட்டீங்கன்னு வந்திருக்காங்க."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"பாயசம் சாப்பிட்டதுலேர்ந்து."

 தெல்வா போர்வையை உருட்டி ஓரத்தில் எறிந்தாள்.

"என் முதல் தட்டுப்பா இது" என்றாள். "மூணு வருஷம். இதுல ஒருத்தர்கூட என் பாட்டைக் கேக்க வரல. இப்பவே போய்ச் சொல்லப்போறேன். கல்லால அடிச்சா அடிக்கட்டும்."

"சொல்லும்மா. நான் வேணாங்கல. பெரியப்பா வந்தப்புறம் சொல்லு."

"பெரியப்பாவா?"

"கொட்டை எடுத்துட்டு வர்றார். எனக்கு அது ஒரே ஒரு தடவை கேக்கணும். அப்புறம் நீயே என்னை அடிச்சுப் புதைச்சாலும் சரி."

தெல்வா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் குறும்பு இல்லை. திருட்டு ஆப்பிள் தின்று மாட்டிக்கொண்ட பையன் முகம்போல இருந்தது. அவள் மெஷின் கொட்டோடு பாடிய ஒவ்வொரு பாட்டிலும், அப்பா ஒரு கணம் தயங்கி, வராத யாருக்காகவோ காத்திருந்து, பிறகு ஊதியதைக் கேட்டவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேடை விளக்குகள் வைத்திருந்த, அடியில் சக்கரம் போட்ட நீளமான கருப்புப் பெட்டியைக் காலி செய்தாள். கைத்தாவைக் கட்டிப்பிடிச்சுட்டு இதுல படுங்க, வேற வழியில உள்ள போக முடியாது என்றாள்.

அவளும் கீக்கோவும் பெட்டியை இறக்குவதற்குள் நாலு பேர் ஓடி வந்தார்கள். அக்கம்பக்கத்தார் இருக்கும்போது பெட்டியை வீட்டார் தூக்குவதா என்று பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நோயில படுத்தாருன்னா இளைச்சிருக்கணுமே, என்ன கனம் கனக்குறார் என்று ஒருவர் முனகினார். இப்பல்லாம் சக்கரம் வெச்சே பண்றான், நல்ல வசதி என்றாள் ஒலீவா. முன்மண்டபத்தில் இரண்டு பெஞ்சின்மேல் இறக்கினார்கள். பங்குச் சாமியார் வரவில்லை. ஏழு ஊருக்கு ஒரே சாமியார், எந்த ஊரில் யாருக்குக் கல்யாணம் பண்ணி வைத்துக்கொண்டிருக்கிறாரோ என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

பெட்டிக்குள் இருட்டு. கைப்பிடித் துளை வழியாக ஒரு காசளவு வெளிச்சம். செர்வாந்தோ நெஞ்சின்மேல் கைத்தாவை வைத்துக்கொண்டு கிடந்தார். அண்ணன் வராமல் போய்விட்டால்? எண்ணெய் போட்டது கொட்டை விற்பதற்காக இருந்தால்? எழுபதை எட்டப்போகும் வயதில் விளக்குப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம். அசிங்கமாகத்தான் இருந்தது. நிஜமாகவே செத்துப்போனால்கூடத் தேவலை என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

வெளியே பேச்சு அடங்கியது. கூட்டம் விலகுகிற காலடிச் சத்தம். பிறகு ஒரு கனத்த செருப்பு, இழுத்து இழுத்து நடக்கும் இடது கால். அண்ணனுக்கு இப்போது கால் இழுக்கிறதா? இது அவருக்குத் தெரியாது. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கயிறு முறுக்குகிற சத்தம். குச்சி ஒரு தட்டு தட்டிச் சரி பார்த்தது.

கொட்டு கிளம்பியது. சான் ரோக்கே பவனி மெட்டேதான். ஆனால் தொடக்கத்திலிருந்து இல்லை. செர்வாந்தோவுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டபோது கைத்தாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அண்ணன் நடுவிலிருந்து ஆரம்பித்திருந்தார். துவைக்கிற தொட்டியடி. அன்றைக்குக் கைத்தா நின்ற அதே இடம். அங்கிருந்து அதே ஒற்றைக் கொட்டு, நேராக, திரும்பிப் பார்க்காமல், எல்லோர் முன்னாலும் மறுபடி தனியாக நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ தும்மினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

செர்வாந்தோ அழுதார். அழுதுகொண்டே ஊதுகுழலை வாயில் வைத்தார்.

கைத்தாவுக்கு முதல் மூச்சு போகும்போது அது பாட்டாக வராது, கன்றுக்குட்டி கத்துவதுபோல ஒரு முக்கல் வரும். அந்த முக்கல் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. நியேவெஸ் குடையைப் போட்டுவிட்டாள். பெட்டி தூக்கிய நாலு பேரும் நாலு திசையில் ஓடினார்கள். அமாப்ளே மண்டியிட்டு, தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னான். மூடி திறந்து, புதுக் கோட்டில் செர்வாந்தோ எழுந்து உட்கார்ந்து, பை கக்கத்தில் ஏறி, மெட்டு முழுசாக வெளியே வந்தபோது முன்மண்டபத்தில் பாதிப் பேர்தான் மிச்சம். பெலார்மினோ மட்டும் நேரே பார்த்தபடி நின்றார். ஒரு தட்டுகூடத் தவறவில்லை.

இரண்டு பேரும் தொட்டியடியிலிருந்து சிற்றாலயம் வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள், நின்ற இடத்திலிருந்தே. மெட்டு முடிந்தது.

"அண்ணே" என்றார் செர்வாந்தோ. "நான் சாகல."

"தெரியும். துக்க மணி அடிக்கல. கால்தான் போச்சு, காது போகல. காலையிலயே சாமியாருக்குப் போன் போட்டேன். அப்படி ஒரு அடக்கமே இல்லைன்னார்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

பெலார்மினோ குச்சியைக் கைமாற்றினார். "உயிரோட இருக்கறவன் வீட்டுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றது? செத்த வீட்டுக்குப் போனா ஏன் வந்தேன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"அன்னிக்கு அந்தக் கள்ளு... நான் நின்னிருக்கக் கூடாதுண்ணே. தப்புதான்."

"ரெண்டு கிளாஸ்" என்றார் பெலார்மினோ. "ஒண்ணோட நிறுத்தியிருந்தாக்கூட நான் மெதுவா நடந்திருப்பேன்."

ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. கருப்புக் கோட்டு வாடகைக்கு எடுத்தவர் ஒரு பக்கம், பாயசம் கொடுத்தவள் ஒரு பக்கம். அந்த ஏழு மாடு எங்கே என்றும் ஒரு குரல் கேட்டது. தெல்வா மைக்கைப் பிடித்தாள். இனிமேல் இழக்க ஒன்றுமில்லாதவளின் குரலில் சொன்னாள்.

"யாரும் சாகல. இது என் முதல் தட்டு. பதினோரு பாட்டு, எல்லாம் ஸ்பானிஷ்ல. குளிச்சு, துணி மாத்தி, மழையில இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. கேட்டுட்டுத் திட்டுங்க."

வந்த சாவை அரைகுறையாக விட்டுப் போவது எங்கள் வழக்கமில்லை. நின்றார்கள். கீக்கோ மெஷினைப் போடப் போனான். பெலார்மினோ அதைச் செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, வயரைப் பிடுங்கினார்.

"பெரியப்பா, உங்களுக்குப் பாட்டுத் தெரியாதே" என்றாள் தெல்வா.

"மீன் வண்டியில நீ பாடாத நாளு எது? எங்க வீட்டு வாசல்லதானே நிறுத்துற. ஆரம்பிடி."

ஆரம்பித்தாள். கிதார் கோவில் கூரையை உலுக்கியது. முதல் பாட்டில் முறைத்தார்கள். இரண்டாவதில் கருப்புச் செருப்புகள் தாளம் போட்டன. மூன்றாவதில் மாடு கத்த வேண்டிய இடத்தில் அமாப்ளே கத்தினான். செர்வாந்தோ ஒரு கணமும் தயங்கவில்லை, காத்திருக்கவும் இல்லை. காத்திருந்தது பக்கத்திலேயே இருந்தது.

பாதிப் பாட்டில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரமோனா வந்தாள். அவளுக்கும் வயதாகிவிட்டது. துக்கத்துக்குக் கொண்டுவந்த புட்டியைத் தலைக்கு மேலே உயர்த்தி, கை நடுங்காமல் ஊற்றி, நுரை பொங்கப் பொங்க செர்வாந்தோவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். செத்துப் பிழைத்தவருக்கு முதல் கிளாஸ். கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. பெலார்மினோ நேரே பார்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம்.

செர்வாந்தோ கிளாசைப் பார்த்தார். நாக்கு ஊறியது, பொய் சொல்வானேன். கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். நுரை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கள் மஞ்சள் தண்ணீராக நின்றது. கள் ஆறிப்போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது எங்கள் பள்ளத்தாக்கில் அதுதான் முதல் தடவை. ரமோனாவுக்குத் தரையில் கொட்டவும் மனம் வரவில்லை, நீட்டிய கையை மடக்கவும் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. பெலார்மினோ அப்போதுதான் முதல் தடவையாகப் பக்கவாட்டில் திரும்பித் தம்பியைப் பார்த்தார். குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்து, ரமோனாவின் கையிலிருந்த ஆறிப்போன கள்ளை வாங்கி, எல்லோரும் பார்க்க ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

"கழுதை மூத்திரம்" என்றார். "இவனுக்குப் புதுசா ஊத்து ரமோனா. குடிச்சு முடிக்கட்டும், நான் நிக்குறேன்."